பலகை கருகவில்லை

இந்த ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கும் டீக்கடை அடுப்பை யார் கட்டிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, ஐயா. பலகைச் சுவரை ஒட்டி வைத்து, பின்னால் ஒரு தகரத்தை ஆணியடித்து விட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்குப் பந்தோபஸ்தாகத்தான் இருக்கிறது. நாலு வருஷத்திலோ ஐந்து வருஷத்திலோ அந்தக் கடை எரியும். கடைக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். வாசலிலேயே ஏட்டையா விலங்கு மாட்டி உள்ளே இழுத்துக்கொண்டு வந்ததால் நின்று பேச முடியவில்லை. நீங்களாவது கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

வாயால் சொல், ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நான்தான் தாளும் பேனாவும் கேட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ரைட்டர் எழுதினால் எடுத்த எடுப்பிலேயே ‘முன்விரோதம் காரணமாக’ என்று ஆரம்பிப்பார். அளவெல்லாம் தப்பிப் போகும். இந்த விஷயத்தில் அளவுதான் முக்கியம்.

என் பெயர் பலவேசம். வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. முப்பது வருஷமாகப் போடியில் குடியிருக்கிறேன். எட்டாவது வரை படித்தவன். தொழில் கொத்து வேலை, அதிலும் அடுப்பு வேலை மட்டும். சுவர் கட்டு, தளம் போடு என்று யாராவது வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவேன். கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு, காபி கிளப் அடுப்பு, மலை மேலே ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர் அடுப்பு, இவ்வளவுதான் என் உலகம். ‘அடுப்புப் பலவேசம்’ என்று கேட்டால் மெட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளத்துக்காரனும் வழி காட்டுவான். போன ஐப்பசி வரைக்கும் அப்படி.

ஸ்டோர் அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஏலக்காய் ஸ்டோர் என்பது இரண்டு பகுதி. ஒன்று காய் உலர்த்துகிற அறை. அதில் வரிசையாகத் தட்டுகள். இன்னொன்று அதை ஒட்டிச் சரிவாகக் கூரை இறக்கிய சாய்ப்பு. சாய்ப்பில்தான் அடுப்பு இருக்கும், ஆள் உட்கார்ந்து விறகு தள்ளுவார்கள். அடுப்பின் சூடும் புகையும் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் போய், தரையோரமாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். அந்தக் குழாய்ச் சூட்டில் காய் உலரும். சாய்ப்புக்கும் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். மலையில் கல் சுமந்து கட்ட யாருக்கும் மனசு வராது, மரம் அங்கேயே கிடைக்கிறது.

மரம் எரிய நெருப்பு பட வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. ஐம்பத்தெட்டில் மேகமலையில் ஒரு பழைய பங்களாவைப் பிரிக்கப் போயிருந்தேன். கணப்புக்குப் பின்னால் அடித்திருந்த தகரத்தைப் பெயர்த்தால், உள்ளே பலகை முழுக்கக் கரி. ஒரு பொறி கூடப் பட்டதில்லை. தினம் தினம் சூடு ஏறி ஏறி, மரம் தானாகவே கரியாகியிருக்கிறது. அன்றைக்கு விரலால் தொட்டதும் உதிர்ந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் தானே பற்றியிருக்கும். அதற்கப்புறம் எனக்கு ஒரு வாரம் சரியாகத் தூக்கம் இல்லை.

அன்று முதல் என் அடுப்புக்கு ஒரே முறைதான். பலகைத் தரைமேல் தகரம், அதன்மேல் நாலு விரல் மணல், அதன்மேல் செங்கல் மேடை. மேடை அடுப்பு வாய்க்கு முன்னால் ஒரு முழம் நீண்டிருக்க வேண்டும், கங்கு விழுந்தாலும் செங்கல்மேல் விழும். பின்பக்கம், பலகைச் சுவரைக் காக்க நாகத் தகரம். அந்தத் தகரம் சுவரைத் தொடக் கூடாது. இரண்டு விரல் தள்ளி நிற்க வேண்டும். கரண்டு வயரிங்குக்கு வைக்கிற பீங்கான் உருளைகளை நடுவில் கொடுத்துத்தான் ஆணி அடிப்பேன். அடியிலும் மேலேயும் திறந்தே இருக்க வேண்டும். குளிர்ந்த காற்று அடியில் நுழையும், சூடாகி மேலே போகும். சுவரைக் காப்பாற்றுவது தகரம் இல்லை, அந்தக் காற்று.

ஞானதுரை முதலாளியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். போடி கடைத்தெருவில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மெட்டுக்கு மேலே அவர் தோட்டத்தில் கீழ் ஸ்டோர், மேல் ஸ்டோர் என்று இரண்டு. இரண்டுக்கும் எழுபத்திரண்டில் நான்தான் அடுப்புக் கட்டினேன். ஒரே அளவு, ஒரே கை.

கட்டி முடித்த அன்று முருகம்மாள் வந்து பார்த்தாள். கீழ் ஸ்டோரில் விறகு தள்ளுகிற பொம்பளை. கறாரான வேலைக்காரி. சாம்பல் ஒரு பொட்டுக் கீழே கிடக்க விடமாட்டாள். தகரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன கொத்தனாரே, அடியில இம்புட்டுத் தொறந்து கெடக்கு?” என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு, “ஒன் சோலியப் பாரு ஆத்தா” என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனேன். தொழில்காரன் காரணம் சொல்லிக்கொண்டு நின்றால் அவனுக்கு மதிப்பு இருக்காது. வைத்தியர் மருந்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறாரா. நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போன வருஷம் ஆவணியில் முதல் பறிப்புக்கு முன்னால் வழக்கம்போல இரண்டு அடுப்புக்கும் செம்மண்ணும் சாணியும் கரைத்து மெழுகியிருக்கிறார்கள். சந்தனம் வைத்து, சூடம் கொளுத்தி, அப்புறம்தான் நெருப்புப் போடுவார்கள். அது அங்கே எல்லா ஸ்டோரிலும் உள்ளதுதான். ஆனால் முருகம்மாள் மேடையோடு நிறுத்தவில்லை. இரண்டு ஸ்டோரிலும் தகரத்தின் அடியிலும் மேலேயும் இருந்த இடைவெளியைக் களிமண் வைத்து அடைத்து, மேலே மெழுகி, கோலமும் போட்டிருக்கிறாள். நல்ல வேலைக்காரி செய்கிற தப்பு. சோம்பேறியாக இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாள். அந்த வருஷம் காய் குறைவு, மேல் ஸ்டோரில் நெருப்பே போடவில்லை. கீழ் ஸ்டோரில் மட்டும் எரித்தார்கள். ஐப்பசியில் ஏழாவது நெருப்பில், காலை ஆறு மணிக்குப் போட்டது, ராத்திரி எட்டு மணிக்குச் சுவர் பற்றிக்கொண்டது. கணக்குக்குப் பதினாலு மணி நேரம்.

வெளியே ஓடி வந்திருக்கலாம். காயைக் காப்பாற்றப் போகிறேன் என்று தட்டுகளை இழுத்திருக்கிறாள். கூரை இறங்கிவிட்டது. மறுநாள் நான் போனபோது அவளைச் சாக்கில் வைத்திருந்தார்கள். காலில் கிடந்த தண்டையைப் பார்த்துத்தான் அவள் என்று சொன்னார்கள். அவள் புருஷன் சங்கிலி அந்தச் சாக்கை ஒரு கையால் தூக்கினான். அவ்வளவு லேசாக இருந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

முதலாளி கடைத்தெருவில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “பலவேசம் கட்டுன அடுப்புல ஒரு பொம்பள செத்துப் போச்சு.” வஞ்சகமாகச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். நான் மேல் ஸ்டோருக்குப் போய், தகரத்துக்கு அடியில் அடைத்திருந்த களிமண்ணில் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்துவந்து கடை கடையாகக் காட்டினேன். மண்ணை எடுத்துக்கொண்டு அலைகிறான், புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

கடமலைக்குண்டில் சந்தைப்பேட்டை காபி கிளப்பில் நான் கட்டிய அடுப்பை இடித்தார்கள். ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோட்டையடுப்புப் போட்டுக் கொடுத்திருந்தேன். பந்தல் போட்ட பிறகு, தாலி கட்டுவதற்கு முந்தின நாள், அதைக் கலைத்துவிட்டு வேறு ஆளை வைத்துப் போட்டார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டேன்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்குப் போனால் என் சம்சாரம் பாண்டியம்மாள் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே நான் கட்டிய அடுப்பு சாம்பல் இல்லாமல் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், “பயமா இருக்குங்க” என்றாள். அன்றைக்குத்தான் ஐயா நான் அழுதேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், அந்த அடுப்பில் அவளுக்கு ஒரு சேலை முந்தி கூடக் கருகினது இல்லை.

தை மாதம் சங்கிலி வந்தான். பட்டப்பகல். நான் வாசலில் உட்கார்ந்து கொத்துக் கரணையைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கையில் வெட்டரிவாள். குடித்திருக்கவில்லை. நேராக வந்து, “என்னமோ ரெண்டு வெரல் எடம் விட்டேன், ரெண்டு வெரல் எடம் விட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே. எந்த ரெண்டு வெரலு?” என்று கேட்டான். அத்தனை மாதத்தில் அளவைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். நான் சந்தோஷமாக இடது கையை நீட்டி, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டினேன். இப்படிச் சேர்த்து வைத்தால் ஒன்றரை அங்குலம் என்றேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து வாசல் கல்லில் வைத்து அந்த இரண்டு விரலையும் வெட்டினான். ஒரே வெட்டு. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து என் கையில் அவன் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் தகரம் வெட்டிவிட்டது என்று சொன்னேன். அதை இப்போது எழுதுவதால் அவன்மேல் கேஸ் போடாதீர்கள். பெண்டாட்டியைச் சாக்கில் தூக்கியவன். எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை.

சித்திரையில்தான் அந்தச் சேதி வந்தது. முதலாளி மேல் ஸ்டோர் அடுப்பை இடிக்கப் போகிறார், உத்தமபாளையத்திலிருந்து கர்ணன் என்கிற கொத்தனார் வரப்போகிறான் என்றார்கள். கீழ் ஸ்டோர் சாம்பல். மேல் ஸ்டோர் அடுப்பு ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருக்கிற சாட்சி. அதுவும் கீழ் ஸ்டோர் அடுப்பும் ஒரே கையால் ஒரே அளவில் கட்டியது. அதில் களிமண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு நெருப்புப் போட்டுக் காட்டினால், பலகை கருகவில்லை என்பது ஊருக்குத் தெரியும். அது இடிந்துவிட்டால் நான் சாகிறவரை முருகம்மாளைக் கொன்றவன்.

மண்டிக்குப் போய்க் கேட்டேன். இடிக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு நாள் நெருப்புப் போட்டுக் காட்டுகிறேன், நீங்கள் வந்து சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுட்டால் நானே கடப்பாரை எடுத்து இடிக்கிறேன் என்றேன். அவர் என் கையில் விரல் இல்லாத இடத்தைப் பார்த்தார். வருகிறேன் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன்.

வீரபாண்டித் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். நான் இரண்டு நாள் முன்னதாகவே மேலே போய்விட்டேன். களிமண்ணைச் சுத்தமாகச் சுரண்டினேன். குழாயில் அடைசல் எடுத்தேன். அறைக் கதவின் ஓரங்களில் சாக்கு வைத்து அடித்தேன், ஏனென்றால் சூடு கசிந்தால் சோதனை சரியாக வராது. ஈரம் போவதற்கு மேலே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பச்சைக் காய் இருந்தால் அதைத் திறந்து வைப்பார்கள். உள்ளே காய் இல்லாததால் திறக்க வேண்டிய அவசியம் இல்லை, அதையும் ஆணியடித்து மூடினேன். பதினாலு மணி நேரத்துக்கு வேண்டிய விறகை வெட்டி அடுக்கினேன். விரல் போன பிறகு கோடாலி பிடிப்பது சிரமம், அதனால்தான் இரண்டு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரே ஜீப் ஓட்டிக்கொண்டு தனியாக வந்தார். அவர் சம்சாரம் ஞானபாக்கியம் அம்மா கொடுத்துவிட்டதாக எனக்கும் சேர்த்து இட்லிப் பொட்டலம் கொண்டுவந்தார். இரண்டு பேரும் சாய்ப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். விறகைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஒரு மணி நேரத்துக்கு இம்புட்டு வெறகா?” என்றார். குறைந்துவிடக் கூடாதே என்றேன். சிரித்தார். நெருப்பு ஆறு மணிக்கே போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு அவரை அறைக்குள் போகச் சொன்னேன். அடுப்புக்கு நேர் பின்னால் பலகை எது என்று காட்டினேன். கை வைத்துக்கொண்டே இருங்கள், கதவைச் சாத்திக்கொள்கிறேன், திறந்திருந்தால் சூடு நிற்காது என்றேன். அவர் மறுக்கவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியேதான், ஐயா. எல்லா ஸ்டோரிலும் அப்படித்தான். நான் புதிதாக வைத்தது இல்லை.

கதவில் உள்ளங்கை அளவு கண்ணாடி உண்டு, உள்ளே மாட்டியிருக்கிற சூடு பார்க்கும் கருவியைப் பார்ப்பதற்கு. காய்க்கு நூற்றிருபது டிகிரி பாரன்ஹீட் போதும். எட்டு மணிக்கு நூற்றிருபது வந்தது. அவர் கண்ணாடிக்கு அருகில் வந்தார். சட்டை நனைந்திருந்தது. நல்ல மனுஷன், கோபப்படவே இல்லை.

“பலவேசம், சுடலப்பா. நல்லாக் கை வச்சுப் பாத்துட்டேன். நான் கடத்தெருவுல சொன்னது தப்புத்தான். நாளைக்கே எல்லார்ட்டயும் சொல்லிர்றேன். தொற.”

எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறக்கத்தான் எழுந்தேன். ஆறேழு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அலைந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திறப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்டேன், மண் பூசச் சொன்னது யார் என்று. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நாந்தான் சொன்னேன். சூடு வீணாப் போகுது, அடச்சிருன்னு சொன்னேன். முருகம்மா அப்பவே யோசிச்சா. கொத்தனாரு எதுக்கோ விட்டிருக்காரு, கேட்டா சொல்ல மாட்டேங்கிறாருன்னா. எதுக்குன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒரு வார்த்த நீ சொல்லியிருந்தா அவ பொழச்சிருப்பாளேப்பா.”

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, போய் இரண்டு கட்டை தள்ளினேன்.

அவர் அப்படிச் சொன்னதற்காகத்தான் திறக்கவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அது இல்லை. யோசித்துப் பார்த்தேன். இரண்டு மணி நேர நெருப்பில் எந்தப் பலகைதான் கருகும். கீழ் ஸ்டோர் பற்றியது பதினாலாவது மணியில். அப்படியென்றால் இதுவும் பதினாலு மணி எரிந்தால்தான் சோதனை. பாதியில் திறந்துவிட்டால் நாளைக்குக் கடைத்தெருவில், என்னப்பா இரண்டு மணி நேரம் எரித்துக் காட்டினாயாமே என்று கேட்பார்கள். அது மட்டும் இல்லை. சூட்டில் நிற்கிற மனுஷன் சொல்கிற வார்த்தைக்கு என்ன மதிப்பு. அடித்து வாங்கின வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நியாயமாகப் பார்த்தால் கீழ் ஸ்டோர் போல ஏழு நெருப்பு, ஏழு நாள் போட்டிருக்க வேண்டும். ஒரு நாளோடு முடித்துக்கொண்டது முதலாளிமேல் வைத்திருந்த மரியாதையால்தான்.

ஒன்பது மணிக்கு நூற்று முப்பத்தைந்து. தண்ணீர் கேட்டார். திறந்தால் சூடு இறங்கிவிடும் என்று சொன்னேன். பத்து மணிக்கு நூற்றைம்பது. தட்டு ஒன்றைப் பிடுங்கிக் கண்ணாடியை உடைத்தார். அந்த ஓட்டையில் சாக்கைத் திணித்தேன், அதனால் அதற்கு மேல் டிகிரி எவ்வளவு என்று எழுத முடியவில்லை. இந்த ஒரு குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஞானபாக்கியம் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெபம் பண்ணினார். என் பேரும் அந்த ஜெபத்தில் வந்தது, மன்னிக்கச் சொல்லி. யாரை யார் மன்னிப்பது என்பது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு என்னைத் திட்டினார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வரும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. நான் விறகு தள்ளுவதை நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தி நிறுத்தி எரித்தால் அது கணக்கில் சேராது.

மத்தியானத்துக்கு மேல் அறை அமைதியாகிவிட்டது. அதற்கப்புறமும் எட்டு மணி வரைக்கும் எரித்தேன். பின்னே பாதியிலா விடுவது.

எட்டு மணிக்கு நெருப்பை இழுத்துவிட்டு, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு திறந்தேன். உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆனது, முகத்தில் அடித்தது. நான் காட்டிக் கொடுத்த அதே பலகைக்கு அருகில்தான் கிடந்தார். உதடு வெடித்து, நாக்கு வெளியே வந்து, உடம்பு சுருங்கிப்போய் இருந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். இரண்டு காலிலும் தோல் உரிந்திருந்தது. அது தரையோரம் போகிற குழாயை மிதித்ததால். குழாய்க்குத் தடுப்புப் போடச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டது இல்லை, சுவருக்குத்தான் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துவிட்டு, அதற்கப்புறம்தான் பலகையைப் பார்த்தேன்.

விளக்கைக் கிட்டத்தில் பிடித்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தேன். முன்பக்கம் தகரத்தைப் பெயர்த்தும் பார்த்தேன். ஒரு இடத்தில் கூடக் கருகல் இல்லை. நிறம் கூட மாறவில்லை. வலது கையை விரித்து வைத்தேன். கதகதப்பு, அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பாண்டியம்மாளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் இனிமேல் வெளியே கல் கூட்ட வேண்டியதில்லை.

விடிந்ததும் நானாகவே மெட்டு வழியாக நடந்து இறங்கி இங்கே வந்தேன். பிடித்துக்கொண்டு வந்ததாக எழுதாதீர்கள். ஞானதுரை முதலாளியை அறைக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டதும், பதினாலு மணி நேரம் விறகு தள்ளியதும், திறக்கச் சொல்லியும் திறக்காமல் இருந்ததும் நான்தான். கூட யாரும் இல்லை. சங்கிலிக்கு இதில் சம்பந்தம் இல்லை. இதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், வக்கீல் வேண்டாம். ஆனால் உங்கள் ஆட்கள் இன்றைக்கு மேலே போய் எழுதிக்கொண்டு வருகிற காகிதத்தில் அடுப்பைப் பற்றித் தப்பாக ஒரு வரி வரக் கூடாது. பலகையில் இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் மேலே கறுப்பும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். அது நெருப்புப் பட்ட அடையாளம் இல்லை, காய்ந்த ரத்தம். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கருகல் என்று எழுதிவிட்டால் எல்லாம் வீண்.

அவர் தட்டினது உனக்குக் கேட்கவே இல்லையா என்று காலையில் கேட்டீர்கள். அப்போது ஏட்டையா அறைந்ததில் காது அடைத்திருந்தது, பதில் சொல்லவில்லை. கேட்டது, ஐயா. ஏழரை மணியிலிருந்து மத்தியானம் வரைக்கும் அந்தப் பலகையைத்தான் வெறுங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார். சுடுகிற பலகையில் யாராவது அவ்வளவு நேரம் கை வைப்பார்களா.